மீன்தொட்டிக்குப் போன முளைப்பாரி

விதை போட்ட மூன்றாம் மணி நேரத்திலேயே குழித்தட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. இருக்காது என்று எனக்கும் தெரியும். கீரைக்கு மூன்று நாள், தக்காளிக்கு ஆறு நாள் என்று மகள் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருந்தாள். ஆனாலும் கை கேட்கவில்லை. துணி எடுக்கிற சாக்கில் ஒரு தடவை, தொட்டியில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்கிற சாக்கில் ஒரு தடவை, சாக்கே இல்லாமல் இரண்டு தடவை மாடிக்குப் போய்வந்தேன். சாயங்காலம் ஒரு குழியில் விரலை விட்டு விதையைத் தோண்டி எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்து, மறுபடியும் புதைத்தேன். அந்தக் குழி கடைசிவரை முளைக்கவில்லை.

என் சுபாவம் அது. பால் பொங்குவதற்குள் நாலு தடவை எட்டிப் பார்ப்பேன். பஸ்ஸுக்கு நின்றால் வருகிறதா, வருகிறதா என்று பார்த்துப் பார்த்தே பாதி ரோட்டுக்கு வந்துவிடுவேன். "இவளுக்குப் பொறக்கறப்பவே கால்ல சக்கரத்தைக் கட்டி உட்டுட்டாங்க" என்று என் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவர் எங்கள் கணபதிப் பகுதியிலேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார். காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். வீட்டிலேயே இராத மனிதர் என் சக்கரத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு எப்போதும் வேடிக்கைதான்.

இப்படி ஓரிடத்தில் உட்காரத் தெரியாத நான், நாலு மாதத்துக்கு முன்னால் என் மகளைக் கட்டிலோடு கட்டிப்போட்டேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அவள் எங்களுக்கு ஒரே பெண். கம்ப்யூட்டர் வேலை, இப்போது வீட்டிலிருந்தே பார்க்கிறாள். மாப்பிள்ளைக்குப் பெருந்துறையில் ஓர் ஆலையில் வேலை. சனிக்கிழமை வந்தால் திங்கட்கிழமை காலையில் கிளம்பிவிடுவார். கல்யாணமான ஐந்து வருஷத்தில் இரண்டு தடவை உண்டானாள். இரண்டு தடவையும் தங்கவில்லை. இரண்டாவதும் போனபிறகு எங்கள் வீட்டுக்கு வந்தவள் பத்து நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பதினோராம் நாள் எழுந்து, ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியை அளந்தாள்.

என்ன செய்யப் போகிறாய் என்றதற்கு, மீனும் செடியும் சேர்த்து வளர்க்கப் போகிறேன் என்றாள். கீழே ஒரு பெரிய தொட்டி, அதில் மீன். மேலே இரும்புத் தாங்கியில் இரண்டு அகலமான தொட்டிகள், அவற்றில் மண்ணுக்குப் பதில் ஜல்லி. ஒரு சின்ன பம்ப் மீன் தண்ணீரை ஜல்லிக்கு ஏற்றும். மீனின் கழிவை ஜல்லியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உரமாக்கும், செடி அதைச் சாப்பிடும், சுத்தமான தண்ணீர் மறுபடி மீனுக்கே விழும். உரம் வேண்டாம், மருந்து அடிக்கவே கூடாது. தாங்கியை அவள் அப்பா பட்டறையில் வெல்டு வைத்துக் கொடுத்தார். ஜல்லியை மட்டும் அவளே வாளி வாளியாகச் சுமந்து ஏற்றினாள். வேண்டாம் என்றால் முறைத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஏதாவது சுமக்க வேண்டியிருந்தது போல.

திலேப்பியாக் குஞ்சுகள் வந்தன, வளர்ந்தன. தக்காளி காய்த்தது, கீரை அக்கம்பக்கத்துக்கெல்லாம் போனது. பிறகு அவள் மறுபடியும் உண்டானாள். வாந்தியில் இரண்டு மாதம் போனது. மேலே செடிகள் முற்றிக் காய்ந்து, நானே பிடுங்கிப் போட்டேன். தொட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த மீன்கள். மேலே வெறும் ஜல்லி.

மூன்றாம் மாதச் சோதனைக்கு நானும் கூடப் போயிருந்தேன். அவளை இரத்தம் எடுக்க அழைத்துப் போனதும் நான் மட்டும் டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றா சொன்னேன், நாற்காலி நுனியில் தொற்றிக்கொண்டிருந்தேன்.

"பயப்பட ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார் அவர். "துடிப்பு நல்லாருக்குங்க. கனமானது தூக்க வேண்டாம். மத்தபடி நல்லா நடக்கட்டும். மாடிப்படி மெதுவா ஏறலாம், வெயில்ல சித்த நேரம் நிக்கலாம். எப்பவும் போல இருக்கட்டுங்க."

இன்னொன்றும் சொன்னார். அது அப்போது எனக்கு முக்கியமாகப் படவில்லை.

வெளியே வந்தேன். மகள் முழங்கையில் பஞ்சை அழுத்தியபடி வந்தாள். "என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டாள். அவள் பின்னால் ஆஸ்பத்திரி மாடிப்படி தெரிந்தது. ஈரத்துணி போட்டுத் துடைத்துப் பளபளவென்று இருந்தது. நான் யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்துவிட்டது.

"படியே ஏறக் கூடாதாம் கண்ணு. ரூமை விட்டு வராம படுத்தே இருக்கோணுமாம். அடுத்த செக்கப் வரைக்கும்."

அவள் படியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள். எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று குடைகிறவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் அதைக் கடவுள் செயல் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த செக்கப்புக்கு நாலு வாரம் இருந்தது. அதற்குள் நாலாம் மாதம் பிறந்துவிடும், கண்டம் தாண்டிவிடும், அப்புறம் டாக்டரே சரி என்று சொன்னதாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன். மூன்று மாதம் முடியாமல் வெளியில் சொல்லக் கூடாது, யார் கண்ணும் படக் கூடாது. எதிர்வீட்டு அம்மா "ஏனுங்க, பாப்பா ஊட்டுலதான் இருக்குதுங்களா, காணவே காணம்?" என்று என் மகளைப் பற்றிக் கேட்டபோது, "வேலை நெம்பச் சாஸ்திங்க" என்று கதவைச் சாத்தினேன்.

அவள் படுத்துக்கொண்டாள். ஆனால் மனம் மாடியில் இருந்தது. தினமும் ஒரு டம்ளரில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்வாள். சின்னக் குப்பியில் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, ஒரு நிற அட்டையோடு வைத்துப் பார்ப்பாள். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சை ஏற ஏற மீனுக்கு ஆபத்து.

"பச்சை கட்டுதும்மா" என்றாள் ஒரு நாள். "மேல செடி இல்ல. அதுகளோட அழுக்கைத் தின்ன ஆளில்ல. தீனியக் கொறச்சுப் போடு. உடனே நாத்து விடோணும். நீ விடுவியா?"

விடுவேனா என்று என்னைக் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அவள் எழுதிக் கொடுத்த தாளை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே போனேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த மஞ்சித்தூள், அதாவது தேங்காய் நார்த்தூள், கட்டியாக இருந்தது. ஊறப்போட்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழியச் சொல்லியிருந்தாள், அதில் உப்பு இருக்குமாம். காப்பித் தண்ணீர் மாதிரி இறங்கியது. மூன்றாம் தண்ணீரும் தெளியாததால் நாலாவதும் அலசினேன். குழித்தட்டை நிரப்பி, குழிக்கு இரண்டு விதை, மேலே துளி தூள், தண்ணீர் தெளிப்பு. தாளில் கடைசியாக எழுதியிருந்தது: 'முளைக்கும் வரை மூடி வை. முளை தெரிந்ததும் அன்றைக்கே வெளிச்சத்தில் வை.'

முதல் வரியை ஓரளவு கேட்டேன். இரண்டாவதைக் கேட்கவில்லை.

நாலாம் நாள் காலை கீரை முளைத்துவிட்டது. ஊசிமுனை மாதிரி வெள்ளையாக, குனிந்த தலையோடு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்குத்தான் போனேன். பாதி மாடியில் நின்றுவிட்டேன்.

என் பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம். மாரியம்மன் சாட்டுக்கு, அதாவது திருவிழாவுக்கு, கம்பம் நட்டதும் நாங்கள் பெண்பிள்ளைகள் முளைப்பாரி போடுவோம். அகன்ற மண்பாத்திரத்தில் எருவைப் பரப்பி நவதானியம் தூவி, ஒரு வெளிச்சமும் புகாத அறையில் வைத்துச் சாத்திவிடுவார்கள். குளித்து ஈரத்துணியோடு ஒருத்தி மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிப்பாள். மற்ற யார் கண்ணும் படக் கூடாது. திருவிழா அன்றைக்கு வெளியே எடுத்தால் முளை ஒரு சாண் உயரத்துக்கு, பொன்நிறத்தில், தளதளவென்று நிற்கும். எவள் முளை உயரமோ அவள் வீடு விளங்கும். எவள் முளை அழுகியதோ அவளைப் பற்றி ஊர் குசுகுசுக்கும். பதினாறு வயதில் என்னுடையது ஒரு தடவை அழுகியது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் கெட்டது ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் அடுத்த சாட்டு வரைக்கும் என் அம்மா தினம் ஒரு கெட்டதை எதிர்பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

கையில் தட்டு இருந்தது. கீழே வயிற்றுப் பிள்ளைக்காரி படுத்திருந்தாள். நான் வெயிலுக்குப் போகாமல் திரும்பி, படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்த சின்ன சாமான் அறைக்குள் தட்டை வைத்து, மேலே கூடையைக் கவிழ்த்து, ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டேன். ஒன்பதாம் நாள் எடுக்கிறேன், நீ ஒரு சாண் நின்று காட்டு, இவள் வயிற்றுப் பிள்ளையும் நின்றுவிடும் என்று வாய்விட்டே சொன்னேன். பி.ஏ. வரை படித்தவள்தான் நான்.

"மொளச்சிருச்சா?" என்று கேட்டாள் மகள்.

"நெம்ப நல்லா மொளச்சிருக்குது."

"வெயில்ல வெச்சிட்டியா?"

"ம்."

"போட்டோ எடுத்து அனுப்பு."

"போன்ல சார்ஜ் இல்ல கண்ணு."

மறுநாளும் சார்ஜ் இல்லை. அதற்கடுத்த நாள் வெளிச்சம் சரியில்லை. ஒரு பொய்க்குத் துணையாக இன்னொன்று, அதற்குத் துணையாக இன்னொன்று என்று எனக்கு வேலை அதிகமாகிவிட்டது. குளித்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போவேன். தண்ணீர் தெளித்துவிட்டு உடனே வந்துவிட வேண்டும். ஆனால் வெளியே வந்து பத்தாவது நிமிஷம் மறுபடி எட்டிப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் கண் பட்டுவிடுமோ, என் கண்ணே பட்டுவிடுமோ என்று பயம். கதவருகில் போவேன், திரும்புவேன். கீழே போவேன், மகள் தூங்குகிறாளா என்று பார்ப்பேன், மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். மறுபடி மேலே. முழங்கால் வலி எடுத்தது. "உன்ற காலு ஒரு நிமிஷம் நிக்காதாம்மா? படிச் சத்தம் கேட்டே எனக்குத் தலை வலிக்குது" என்றாள் அவள். அதில் எரிச்சல் மட்டுமா இருந்தது, பொறாமையும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் முளைகள் என்னைக் கைவிடவில்லை. ஒன்பதாம் நாள் கூடையைத் தூக்கினேன். தக்காளியும் கீரையும் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு நின்றன. வெளுத்த மஞ்சள் நிறத்தில், என் நடுவிரலைத் தாண்டி உயரம். ஒரு சாண் இல்லைதான், ஆனால் தக்காளிக்கு அது பெரிய உயரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பூ வைக்காத குறையாகத் தட்டை இரண்டு கையிலும் ஏந்திப் படியிறங்கி, திரையை விலக்காத அந்த அறையில், அவள் மடிக்கருகில் வைத்தேன்.

"பாரு கண்ணு. எப்பிடி வந்திருக்குதுன்னு பாரு!"

அவள் விளக்கைப் போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். ஒரு செடியை விரலால் நிமிர்த்தினாள். விரலை எடுத்ததும் அது சாய்ந்தது.

"எங்கம்மா வெச்சிருந்த இத?"

நான் சாய்ந்த செடியை நிமிர்த்தப் பார்த்தேன்.

"இருட்டுல வெச்சுப்போட்டியா? இது வளத்தி இல்லம்மா. வெளிச்சம் எங்கடான்னு தேடித் தேடி நீண்டு கெடக்குது. தண்டைப் பாரு, நூலாட்ட இருக்குது. இதைக் கொண்டுபோய் ஜல்லியில நட்டா தண்ணி பட்டதும் படுத்துரும்." சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "பத்து நாள் போச்சு. போட்டுட்டு வேற விடும்மா."

போட்டுவிடு என்றால்? குப்பையிலா? அவளுக்கு அது தவறிப்போன நாற்று. எனக்கு அது வேண்டுதல். இவ்வளவு நாள் இவள் வயிற்றுக்காக ஏந்திய தட்டை ஈக்கள் மொய்க்கிற குப்பைக் கூடையில் எப்படிக் கொட்டுவேன்? முளைப்பாரியைக் கொட்டுகிற வழக்கம் எங்கேயும் இல்லை. ஆற்றில் விடுவோம், இல்லையென்றால் கிணற்றில் விடுவோம். கணபதியில் ஆறு எங்கே இருக்கிறது, கிணறு எங்கே இருக்கிறது? போர் குழாய்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மாடிக்குப் போய், கிழக்கே பார்த்து நின்று, தட்டைத் தலைக்கு மேலே ஒரு தடவை தூக்கி இறக்கி, மொத்தத்தையும் மீன்தொட்டியில் கவிழ்த்தேன். அடியைத் தட்டித் தட்டி ஒரு குழிகூட விடாமல் உதிர்த்தேன். திலேப்பியா பச்சைத் தழை தின்னும். ஆளுக்கொரு முளையைக் கவ்விக்கொண்டு ஓடின. அம்மனே வாங்கிக்கொண்டாள் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினேன். முளையை மீன் தின்றது. குழியிலிருந்த மஞ்சித்தூளை எது தின்னும் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு மேலே போனபோதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. சத்தம் இல்லை. ஜல்லியிலிருந்து தண்ணீர் விழுகிற அந்தச் சலசலப்பு இல்லை. பம்ப் மட்டும் தொண்டை கட்டினாற்போல முனகியது. தொட்டித் தண்ணீர் நான் பிழிந்த அந்தக் காப்பி நிறத்தில் இருந்தது. மேலே முழுக்க வாய்கள். எல்லா மீனும் தலையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடின. ஒன்று மல்லாந்து கிடந்தது.

மகளுக்குப் போன் போட்டேன். படம் தெரிகிற மாதிரி பேசச் சொன்னாள். காட்டினேன். "ஐயோ! என்னம்மா பண்ணிப்போட்ட?" என்றாள். பிளக்கைப் பிடுங்கு, பம்ப்பைத் தூக்கு, முன்னால் இருக்கிற ஜாலியை, அந்தச் சல்லடை மூடியைத் திருகிக் கழற்று என்றாள். தூக்கினேன். எந்தப் பக்கம் திருகினாலும் அது வரவில்லை. ஈரக் கை பட்டுப் போன் திரை எங்கேயோ போய் நின்றுவிட்டது. அவளுடைய குரல் மட்டும் வந்தது. "எடதுபக்கம்மா... அதில்ல, அடியில... அம்மா, கேக்குதா?" இரண்டாவது மீன் மல்லாந்தது. பம்ப்பை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கீழே ஓடினேன்.

அவள் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை சுவரில், ஒரு கை வயிற்றில். ஒரு கால் முதற்படிக்கு நேரே தூக்கியபடி, வைக்காமல். முகமெல்லாம் கண்ணீர்.

"நான் வந்தா ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிப்போடுவேன். வர முடியலியேம்மா. அத்தனையும் சாகுது, நான் இங்க நின்னு பாத்துட்டு இருக்கறேன்."

நான் ஐந்து படிக்கு மேலே நின்றிருந்தேன். இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். மீன்தானே, போனால் போகட்டும், நீ போய்ப் படு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவள் தூக்கிய காலை இன்னும் படியில் வைக்கவில்லை.

"ஏறி வா" என்றேன்.

"டாக்டர்..."

"டாக்டர் சொல்லல. நாந்தான் சொன்னேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "என்ன?" என்றாள்.

"மெதுவாப் படி ஏறலாம்னுதான் சொன்னாங்க. நடக்கச் சொன்னாங்க. வெயில்ல நிக்கச் சொன்னாங்க. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன். எனக்குப் பயம் கண்ணு."

என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதப் போவதில்லை. பிறகு காலைப் படியில் வைத்தாள். பதினெட்டுப் படி. அவள் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஏறினேன். "தொடாத" என்றாள்.

மேலே போனதும் அவள் வேறு ஆள். என்னை பம்ப்பைப் பிடிக்கச் சொல்லி, ஜாலியை ஒரே திருகில் கழற்றி, உள்ளே சடை மாதிரி சுற்றிக்கொண்டிருந்த நாரையும் வேரையும் விரலால் வழித்தெடுத்தாள். சொம்பால் தண்ணீரை மொண்டு மேலேயிருந்து ஊற்று, ஊற்றிக்கொண்டே இரு, தண்ணீருக்குள் காற்றுப் போகும் என்றாள். ஊற்றினேன். தொட்டித் தண்ணீரில் பாதியைத் திறந்துவிட்டாள். நான் உடனே கீழே ஓடி, அன்று காலைதான் வந்திருந்த நல்ல தண்ணியைக் குடத்தோடு தூக்கிவந்தேன். சாகக் கிடக்கிற ஜீவனுக்கு உப்புத் தண்ணியா கொடுப்பது?

"அது வேண்டாம்! குளோரின் தண்ணி அது, செவுள் வெந்துரும். போர் தண்ணியத் தொறந்து வுடு" என்றாள். குடத்தை ஓரமாக வைத்தேன். என் நல்ல எண்ணம் எல்லாம் அந்த வாரம் அப்படித்தான் இருந்தது.

மூன்று மீன் போயிற்று. மற்றவை ஒரு மணி நேரத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. ஜல்லியிலிருந்து மறுபடி தண்ணீர் விழும் சத்தம் வந்தது.

அவள் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். வெயில் நேராக அவள் முகத்தில் அடித்தது. மூன்று வாரத்தில் எவ்வளவு வெளுத்துவிட்டாள் என்று அப்போதுதான் பார்த்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன தடவை இந்த ஊட்டுக்கு வர்றதுக்கு முன்னால" என்று ஆரம்பித்தாள், தொட்டியைப் பார்த்தபடி. "எங்க வீடு மூணாவது மாடி. லிஃப்ட் ரிப்பேரு. ஒரு வாரம் ஏறி எறங்கினேன். மொதத் தடவை வண்டி ஓட்டிட்டு ஆபீஸ் போனேன். ரெண்டும் அதனாலதான் போச்சுன்னு மனசுக்குள்ள ஒண்ணு சொல்லிட்டே இருந்துச்சு. இல்ல இல்லன்னு நானே சொல்லிக்குவேன். அன்னிக்கு நீ வந்து படியே ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்கன்னு சொன்ன பாரு. அப்ப உறுதியாயிருச்சும்மா. நாந்தான் கொன்னுபோட்டேன்னு. மூணு வாரமாப் படுத்துட்டு அதைத்தான் நெனச்சுட்டிருந்தேன்."

சொம்போடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா சொன்ன இன்னொன்று அப்போதுதான் முழுசாக நினைவுக்கு வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து பாதி கதவுக்குப் போனபிறகு, என்னைத் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னது. பயத்துக்கு உதவாத பேச்சு என்பதால் நான் கையோடு எடுத்து வராதது.

"இன்னொண்ணும் சொன்னாங்க கண்ணு. அதையும் உன்கிட்டச் சொல்லல."

"என்ன?"

"முந்தினது ரெண்டும் அவங்க செஞ்ச எதனாலயும் இல்லீங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அதை அவங்ககிட்ட மறக்காமச் சொல்லுங்கன்னு சொன்னாங்க."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது.

"இன்னொருக்காச் சொல்லு" என்றாள். சொன்னேன்.

"அவங்க சொன்ன மாதிரியே சொல்லு." டாக்டரம்மா சொன்ன மாதிரியே, நிறுத்தி நிறுத்தி, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். முதுகைத் தொடப் போன கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். அது நான் இந்தப் பிறவியில் செய்த பெரிய வேலை.

அன்றைக்கே அவள் புதிதாக நாற்று விட்டாள். நான் மஞ்சித்தூளை அலசிக் கொடுத்தேன். நாலாம் நாள் முளை தெரிந்ததும் தட்டைக் கைப்பிடிச் சுவர் ஓரம் காலை வெயிலில் வைத்தாள். அவை குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக நின்றன. என் ஊரில் கொண்டுபோய்க் காட்டினால் யாரும் மெச்ச மாட்டார்கள். பன்னிரண்டாம் நாள் வேரை அலசி ஜல்லியில் நட்டாள். ஒன்றுகூடச் சாயவில்லை.

என்னோடு அவள் சரியாகப் பேசப் பத்து நாளுக்கு மேலாயிற்று. இப்போது செக்கப்புக்கு மாப்பிள்ளையோடுதான் போகிறாள், என்னைக் கூப்பிடுவதில்லை. அதில் தப்பில்லை. ஏழாம் மாதம் நடக்கிறது. கட்டுச்சோறு விருந்துக்கு, அதாவது வளைகாப்புக்கு, நாள் குறித்திருக்கிறோம். பயம் எனக்குப் போய்விட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவள் மேலே போவாள். மூச்சு வாங்கும், பாதியில் ஒரு தடவை நிற்பாள். "நான் வாரேன், நீ இங்கயே உக்காரு" என்று எனக்கு ஒரு நாற்காலியைப் படிக்கட்டுக்கு எதிரில் போட்டுவிட்டுத்தான் போவாள். நான் உட்காருவேன். படிகளை எண்ணுவேன். ஒன்பதாவதில் சத்தம் நிற்கும். அந்த நேரத்தில் என் இரண்டு கையும் நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு பத்து, பதினொன்று என்று மறுபடி தொடங்கும். நான் எழுந்திருப்பதில்லை.